யாரையும் ஓரத்தில் உட்காரவைக்காத விளையாட்டுகள்

பிறந்தநாள் விழாவில் விளையாட்டு என்றதும் பெரும்பாலான வீடுகளில் முதலில் வைப்பது மியூசிக்கல் சேர்தான். நாற்காலி இருக்கிறது, பாட்டு போனில் இருக்கிறது, விதியை விளக்க வேண்டியதே இல்லை. ஆனால் முதல் இரண்டு சுற்றில் வெளியேறுவது யார் என்று பாருங்கள். கூட்டத்திலேயே சின்னக் குழந்தை, அல்லது இடித்துக்கொண்டு போய் உட்காரக் கூச்சப்படும் குழந்தை. அது நேராக அம்மா மடிக்குப் போய்விடும். பன்னிரண்டு பேரோடு தொடங்கினால் கடைசியில் இரண்டு பேர் ஆடுவார்கள், பத்துப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். யாருக்கு ஆட்டம் அதிகம் தேவையோ அந்தக் குழந்தைதான் முதலில் வெளியே வருகிறது. எனக்கு அதைப் பார்க்கவே மனம் கேட்பதில்லை.

நாங்கள் இருப்பது சென்னைப் புறநகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அண்ணன் பிள்ளைகள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் என்று யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் விளையாட்டுப் பொறுப்பு என்னிடம் வந்துவிடும். நான் வளர்ந்தது அம்பாசமுத்திரம் பக்கம். அங்கே தெருவில் ஆடியதைத்தான் இங்கே மொட்டை மாடிக்கும் கீழே உள்ள ஹாலுக்கும் கொண்டுவந்திருக்கிறேன். நம் தெரு ஆட்டங்களில் பலவற்றில் பிடிபட்டவருக்கும் வேலை உண்டு. பிடிபட்டவர் அடுத்துப் பிடிக்கப் போவார், ஓடியவர் வந்து உட்காருவார், தோற்றவர் எதிரணியில் சேர்ந்துகொள்வார். ஆட்டம் முடியும்வரை எல்லாரும் ஆட்டத்துக்குள்ளேயே இருப்பார்கள். விழாவுக்கு ஆட்டம் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஐந்து மணி என்று அழைத்தால் பிள்ளைகள் ஐந்தரையிலிருந்து ஆறு வரை ஒவ்வொருவராக வருவார்கள். முதலில் வந்த குழந்தை புதுச்சட்டையோடு சுவர் ஓரமாக நிற்கும். அந்த அரைமணி நேரத்துக்குக் கிச்சு கிச்சு தாம்பாளம் போல ஒன்று கிடையாது. இரண்டு பேர் இருந்தால் தொடங்கலாம், நடுவில் யார் வந்தாலும் சேரலாம்.

மணலை முழங்கை நீளத்துக்கு வரப்பு மாதிரி குவித்துக்கொள்ள வேண்டும். எதிரெதிரே இரண்டு பேர். ஒருவர் சின்னக் குச்சி ஒன்றை விரலிடுக்கில் மறைத்து, மணலுக்குள் கையை விட்டு முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே, 'கிச்சு கிச்சு தாம்பாளம், கீயா கீயா தாம்பாளம், மச்சு மச்சு தாம்பாளம், மாயா மாயா தாம்பாளம்' என்று சொல்லி எங்கேயோ ஓரிடத்தில் குச்சியை விட்டுவிடுவார். எதிரே இருப்பவர் இரண்டு கையையும் கோத்து, குச்சி இருக்கும் என்று தோன்றுகிற இடத்தின்மேல் பொத்த வேண்டும். உள்ளே குச்சி இருந்தால் ஒளிக்கிற முறை அவருக்கு. இல்லையென்றால்தான் உண்மையான வேடிக்கை. தோற்றவர் இரண்டு கை நிறைய மணலை ஏந்திக்கொள்வார், அதன் நடுவில் குச்சி நட்டு வைக்கப்படும். வென்றவர் பின்னால் நின்று அவர் கண்ணைப் பொத்தி, வளைத்து வளைத்து நடத்திக் கொண்டுபோய் ஓரிடத்தில் மணலைக் கொட்டச் சொல்லி, மறுபடி சுற்றி அழைத்து வந்து விட்டுவிடுவார். இப்போது கொட்டிய இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மணல் சிந்தாமல் விரல்களை இறுக்கி மூடிக்கொண்டு, ஒவ்வோர் அடியையும் தரையைத் தொட்டுப் பார்த்து வைக்கும் குழந்தையின் முகத்தை ஒருமுறை பார்த்தால் தெரியும், அது எவ்வளவு கவனமாக இருக்கிறது என்று. அவ்வளவு நேரமும் இன்னொரு குழந்தையின் கை அதன் கண்மேல் இருக்கிறது. முன்பின் தெரியாத இரண்டு பிள்ளைகள் பேசிப் பழக அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மணலுக்கு நான் சிமெண்ட் சட்டி இரண்டு வைத்திருக்கிறேன். இப்போது கட்டடம் கட்டும் இடங்களில் கிடைப்பது பெரும்பாலும் எம்-சாண்ட். அது கையில் உறுத்தும், தூசியும் அதிகம். சலித்து, நாலு தண்ணீரில் அலசிக் காயவைத்துவிட்டால் சரியாகிவிடும். கேழ்வரகையோ அரிசியையோ கொட்டி ஆடலாம் என்று சிலர் சொல்வார்கள். காலில் மிதிபடும் இடத்தில் தானியத்தைக் கொட்டுவதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், எனக்கும் அதில் உடன்பாடில்லை.

பத்துப் பேர் சேர்ந்ததும் அணி பிரிக்க வேண்டும். இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு தலைவர்களை நிறுத்தி, 'உனக்கு யார் வேணும், நீ கூப்பிடு' என்று ஒவ்வொருவராக எடுக்கச் சொல்லாதீர்கள். கடைசியாக மிஞ்சும் குழந்தைக்கு அந்த நாள் முழுக்க அது மறக்காது. நம் ஊர்ப் பிள்ளைகள் இதற்கு எப்போதோ வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்: உத்தி பிரித்தல். ஏறக்குறைய ஒரே வயது, ஒரே பலம் உள்ள இரண்டிரண்டு பேர் ஜோடி சேர்ந்து தள்ளிப் போவார்கள். காதோடு காதாகப் பேசி ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்வார்கள். தோளில் கைபோட்டுக்கொண்டு திரும்பி வந்து தலைவர்களிடம், 'சிங்கம் வேணுமா, புலி வேணுமா?' என்று கேட்பார்கள். ஒரு தலைவர் சிங்கம் என்றால் சிங்கம் அந்தப் பக்கம், புலி இந்தப் பக்கம். அடுத்த ஜோடிக்கு அடுத்த தலைவர் முதலில் கேட்பார். யாரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று தலைவருக்கே தெரியாது. சமபலம் உள்ளவர்கள் தாமாகவே இரண்டு பக்கமும் பிரிந்துவிடுவதால் அணிகளும் சரிசமமாக அமையும். வேண்டாதவர் என்று ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பிரியாணி - ஃப்ரைடு ரைஸ், சென்னை - மும்பை என்று பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். தள்ளிப் போய்க் குசுகுசுவென்று பேசுவதே அவர்களுக்குப் பாதி ஆட்டம். அவசரப்படுத்தாதீர்கள்.

ஒருவர் மட்டும் பிடிக்கிற ஆட்டமென்றால் சா பூ த்ரீ போதும். கையை உள்ளங்கை மேலேயோ கீழேயோ வைக்க, மாறி வைத்தவர் பழமாகி ஒதுங்கிக்கொண்டே வர, கடைசியில் நிற்பவர் பிடிக்க வேண்டும். அதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, பள்ளியிலேயே கற்றுக்கொண்டு வருகிறார்கள்.

அணி பிரிந்ததும் பூப்பறிக்க வருகிறோம். இரண்டு வரிசையும் கைகோத்து எதிரெதிரே நின்று, ஒரு வரிசை முன்னால் நடந்து வந்து பாடிவிட்டுப் பின்வாங்கும், மற்றது அதே மாதிரி வந்து பதில் சொல்லும்.

'பூப்பறிக்க வருகிறோம், வருகிறோம்.'
'எந்த மாதம் வருகிறீர்கள், வருகிறீர்கள்?'

இந்த இடத்தில் பிறந்தநாள் குழந்தையின் மாதத்தைச் சொல்லச் சொல்லுங்கள், அதற்கு முகமெல்லாம் பூரிக்கும். பிறகு எந்தப் பூ, யாரை விட்டுப் பறிப்பீர்கள் என்று கேள்வி போகும். பெயர் சொல்லப்பட்ட இருவரும் நடுக்கோட்டில் நின்று இழுக்க வேண்டும். இழுபட்டவர் வென்ற அணியில் சேர்ந்துகொள்வார். ஒருமுறை தோற்றவர் அடுத்த நிமிடமே வென்ற பக்கம் நின்று பாடிக்கொண்டிருப்பார். இப்படியே போய்க் கடைசியில் ஏறக்குறைய எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். தோற்றவர் என்று தனியே உட்கார ஆளே இருக்காது.

இழுக்கும்போது மட்டும் கவனம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் கையை வெடுக்கென்று இழுத்தால் முழங்கை எலும்பு லேசாக நழுவிவிடும். சின்னக் குழந்தைகளுக்கு இது அடிக்கடி நேர்வதுதான், மருத்துவர் நிமிடத்தில் சரிசெய்துவிடுவார். ஆனால் விழா அத்தோடு முடிந்தது. அதனால் சின்னவர்களுக்கு நான் கையைக் கொடுக்கவிடுவதில்லை. ஒரு துண்டின் இரண்டு முனையை ஆளுக்கொன்றாகப் பிடிக்கச் சொல்வேன். முடியாவிட்டால் விட்டுவிடலாம். ஒரே உயரம் உள்ளவர்களைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்ற விதியையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் என்னுடைய பரிந்துரை குலை குலையா முந்திரிக்காய். வட்டமாக உள்நோக்கி உட்கார வேண்டும். ஒருவர் கையில் துணியோடு வெளியே சுற்றி ஓடிக்கொண்டு 'குலை குலையா முந்திரிக்காய்' என்பார். உட்கார்ந்திருப்பவர்கள் 'நரியே நரியே சுத்தி வா' என்பார்கள். 'கொள்ளையடிச்சவன் எங்கிருக்கான்?' 'கூட்டத்தில் இருக்கான் கண்டுபிடி!' இந்தச் சத்தத்துக்கு நடுவே துணியை யாராவது ஒருவர் முதுகுக்குப் பின்னால் போட்டுவிடுவார். திரும்பிப் பார்க்கக் கூடாது, கையால் பின்னால் தடவிப் பார்க்கலாம். துணி கையில் பட்டதும் எடுத்துக்கொண்டு துரத்த வேண்டும். ஓடியவர் அந்தக் காலி இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டால் தப்பித்தார், துணி வைத்திருப்பவர் அடுத்த நரி.

இதில் எனக்குப் பிடித்தது அந்தக் கைகள். வட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு குழந்தையும் வாயால் பாடிக்கொண்டே, முகத்தில் ஒன்றும் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டு, ஒரு கையால் பின்பக்கத் தரையைத் துழாவிக்கொண்டிருக்கும். உட்கார்ந்திருப்பவர்களும் ஆடிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

ஆனால் நான்கைந்து பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே மாறி மாறித் துணி போட்டுக்கொள்வது எல்லாக் கூட்டத்திலும் நடக்கும். நண்பனுக்கு நண்பன் போடுவான், புதிதாக வந்த குழந்தை பின்னால் தடவித் தடவிப் பார்த்து ஏமாறும். அதற்காக ஒரு விதி வைத்திருக்கிறேன்: எல்லாருக்கும் ஒருமுறை துணி விழும்வரை ஒருவருக்கே இரண்டாம் முறை போடக் கூடாது. ஓடி முடித்தவர்கள் சம்மணமிட்டும், இன்னும் ஓடாதவர்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டும் உட்கார்ந்தால் யார் மிச்சம் என்று நரிக்குத் தெரிந்துவிடும். பதினைந்து பேருக்கு மேல் போனால் இரண்டு வட்டமாக்கிவிடுங்கள். பழைய வழக்கத்தில் துணியை முறுக்கி முதுகில் அடிப்பதும் உண்டு, நான் அதை எடுத்துவிட்டேன். மெல்லிய துப்பட்டா போதும், முடிச்சு வேண்டாம். டைல்ஸ் தரையென்றால் ஆட்டத்துக்கு முன் எல்லாரும் சாக்ஸைக் கழற்ற வேண்டும். பலூன் வெடித்துத் தண்ணீர் சிந்தியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

எங்கள் குடியிருப்பில் பஞ்சாபிலிருந்து வந்த குடும்பம் ஒன்று உண்டு. முதல் தடவை இந்த ஆட்டத்தைப் பார்த்ததுமே அந்த அம்மா எழுந்து வந்து, எங்கள் ஊரிலும் இதே ஆட்டம்தான், கோக்லா சபாக்கி என்போம் என்று பாடிக் காட்டினார். இப்போது எங்கள் வட்டத்தில் ஒரு சுற்று தமிழில், ஒரு சுற்று அவர்கள் பாட்டில். தமிழ் பேசத் தெரியாத பிள்ளைகள் 'நரியே நரியே சுத்தி வா' என்று தொண்டை கிழியக் கத்துவதைக் கேட்கச் சந்தோஷமாக இருக்கும். உங்கள் குடியிருப்பிலும் வேறு மாநிலத்தவர் இருந்தால் விழாவுக்கு முன்பே கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு ஓடியபின் உடனே கேக் வெட்ட நிறுத்தினால் தள்ளுமுள்ளுதான். மூச்சு அடங்க ஒரு ஆட்டம் வேண்டும், அதற்கு ரோஜாப்பூவே. இரண்டு அணியும் எட்ட எட்ட எதிரெதிரே வரிசையாக உட்காரும். தலைவர் தம் அணியினருக்கு ரகசியமாகப் பூப்பெயர் வைப்பார். பிறகு எதிர் அணியில் ஒருவருடைய கண்ணை அவரே போய்ப் பொத்திக்கொண்டு, 'மல்லிகைப்பூவே, மெல்ல வந்து கிள்ளிட்டுப் போ' என்பார். மல்லிகை சத்தமில்லாமல் எழுந்து வந்து, நெற்றியில் தொட்டுவிட்டுப் போய்த் தன் இடத்தில் தலைகுனிந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த அணி முழுக்கக் குனிந்துகொள்ளும். கண் திறந்தவர் மல்லிகை யார் என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அவர் ஒரு தாவு முன்னே, தவறினால் மல்லிகை ஒரு தாவு முன்னே. எல்லைக்கோட்டை யார் முதலில் தாண்டினாலும் அந்த அணிக்கு வெற்றி. பிள்ளைகளிடம் சத்தம் போடாதே என்று சொல்லவே வேண்டாம், சத்தம் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று அவர்களுக்கே தெரியும். கிள்ளச் சொல்லாதீர்கள், ஒரு விரலால் தொட்டால் போதும்.

மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளை என்ன செய்வது என்று எல்லாரும் கேட்பார்கள். நம் தெருவில் அதற்கும் ஏற்பாடு இருந்தது. சின்னக் குழந்தையை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோம். அது ஓடும், பாடும், பிடிபட்டாலும் கணக்கில்லை. பெரிய பிள்ளைகள் அதைத் தொட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். இந்த வழக்கத்தைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு சின்னவருக்கும் ஒரு அக்காவோ அண்ணனோ துணை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால், அந்தப் பெரியவர்கள் பொறுப்பாகக் கைபிடித்துக்கொண்டு ஓடுவார்கள். சின்னவர்களுக்கென்றே ஒரு ஆட்டம் வேண்டுமென்றால் ஒரு குடம் தண்ணி ஊத்தி. இரண்டு பேர் கையை உயர்த்திக் கோத்து நிற்க, மற்றவர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு அடியில் புகுந்து புகுந்து வருவார்கள். 'ஒரு குடம் தண்ணி ஊத்தி ஒரு பூ பூத்தது' என்று தொடங்கிப் பத்தாவது குடத்தில் கை இறங்கும், உள்ளே இருப்பவர் மாட்டிக்கொள்வார். அதற்கும் சின்னதான கைக்குழந்தைகள் இருந்தால் பாட்டி தாத்தாக்களிடம் விட்டுவிடுங்கள். உள்ளங்கையில் பருப்பு கடைந்து, எல்லாருக்கும் பங்கு வைத்து, நண்டூருது நரியூருது என்று அக்குள்வரை விரலை ஓட்ட அவர்களைப் போல யாராலும் முடியாது.

பழைய ஆட்டம் என்பதற்காக எல்லாவற்றையும் விழாவுக்குக் கொண்டுவரக் கூடாது. கிட்டிப்புள் எனக்கு உயிர், ஆனால் கூட்டத்துக்குள் புள் பறந்தால் கண்ணுக்கு ஆபத்து. பம்பரமும் அப்படித்தான், ஆணியும் சாட்டையும் கூட்டத்தில் வேண்டாம். உறியடி வைத்தே ஆக வேண்டுமென்றால் மண்பானைக்குப் பதில் கலர்த்தாள் ஒட்டிய அட்டைப்பெட்டி, கம்புக்குப் பதில் செய்தித்தாள் சுருள், மற்றவர்கள் நிற்கத் தரையில் கோடு, கோட்டருகே இரண்டு பெரியவர்கள். மூன்று வயதுக்குக் கீழே பிள்ளைகள் நடமாடும் இடத்தில் புளியங்கொட்டை, சோழி, கோலி எதையும் தரையில் விடாதீர்கள். வெடித்த பலூன் துண்டுகளையும் உடனுக்குடன் பொறுக்கிவிடுங்கள், வாயில் போட்டால் தொண்டையை அடைக்கும். சித்திரை, வைகாசியில் மொட்டை மாடித் தரை மாலை ஐந்தரைக்குக்கூடக் கொதிக்கும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலோடு நீங்களே நின்று பார்த்துவிட்டுப் பிள்ளைகளை ஏற்றுங்கள்.

தேவநேயப் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்தபோது பகலாட்டு, இரவாட்டு என்று பிரித்து எழுதினார். விழா நடத்துகிறவர்களுக்கு அது நல்ல வழிகாட்டி. வெளிச்சம் இருக்கும்போதே கல்லா மண்ணாவும் ஐஸ் வாட்டரும் முடிந்துவிட வேண்டும். ஐஸ் வாட்டரில் பிடிபட்டு ஐஸ் ஆனவரை இன்னொருவர் ஓடி வந்து தொட்டு விடுவிக்கலாம், அதனால் அதுவும் நம் கணக்கில் நல்ல ஆட்டம். இருட்டிய பிறகு உட்கார்ந்து ஆடுவது மட்டும். இரண்டு மணி நேர விழாவுக்கு நான்கு ஆட்டம் தாராளம். பிள்ளைகள் இன்னொரு தடவை என்று கேட்டால் அதே ஆட்டத்தையே ஆடவிடுங்கள். பட்டியலில் அடுத்தது இருக்கிறதே என்று நிறுத்த வேண்டாம்.

வென்றவருக்கு மட்டும் பரிசு கொடுக்கும் வழக்கத்தை எங்கள் வீட்டில் எடுத்துவிட்டோம். புறப்படும்போது எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒரு சின்ன மஞ்சப்பை. உள்ளே தட்டாங்கல் ஆட ஐந்து கூழாங்கல், ஒரு சுண்ணாம்புக்கட்டி, அன்றைக்கு ஆடிய பாட்டுகள் எழுதிய தாள். அந்தத் தாள் பெற்றோருக்காக. வீட்டுக்குப் போனதும் பிள்ளைகள் ஆடிக் காட்டத் தொடங்குவார்கள், எதிர்வரி தெரியாமல் அப்பா அம்மா விழிக்கக் கூடாது. கைக்குழந்தை உள்ள வீட்டுக்குப் போகும் பையில் கூழாங்கல்லைக் குழந்தை கையில் அல்லாமல் அம்மா கையில் கொடுப்பேன்.

பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பையன்கள் இதெல்லாம் சின்னப் பசங்க ஆட்டம் என்று போனை எடுத்துக்கொண்டு ஒதுங்குவார்கள். வற்புறுத்தக் கூடாது. 'தம்பி, இன்னைக்கு நீதான் உத்தித் தலைவன்' என்று பொறுப்பைக் கொடுத்துவிட்டால் பத்து நிமிடத்தில் அவனே வரிசையில் நிற்பான். அப்படியும் வராதவர்களுக்கும், பெற்றோர் அழைத்துப்போக வரும்வரை காத்திருப்பவர்களுக்கும் ராஜா ராணிச் சீட்டு. எங்கள் வீட்டுக் கணக்கு ராஜா 1000, ராணி 800, மந்திரி 500, போலீஸ் 300, திருடன் 0. சீட்டைக் குலுக்கிப் போட்டு எடுத்ததும் போலீஸ் எழுந்து திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும். தவறாகக் காட்டினால் 300 திருடனுக்குப் போய்விடும். ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பக் கிளம்ப ஒவ்வொரு சீட்டாக எடுத்துவிடலாம், ஆட்டம் நிற்காது. போலீஸும் திருடனும் மட்டும் கடைசிவரை இருக்க வேண்டும்.

சத்தமும் கூட்டமும் ஒத்துவராத ஒரு குழந்தை எல்லா விழாவிலும் இருக்கும். அதற்காக ஹாலின் ஒரு மூலையில் பல்லாங்குழியை முதலிலிருந்தே வைத்துவிடுகிறேன், கூடவே ஆடத் தெரிந்த ஒரு பாட்டியையும். பலகை இல்லாவிட்டால் சுண்ணாம்புக்கட்டியால் தரையில் வரிசைக்கு ஏழாகப் பதினான்கு வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஐந்தாக எழுபது புளியங்கொட்டை வைத்தால் போதும். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒரு விதி பிடிபட்டுவிட்டால் குழந்தை எழுந்திருக்காது. அழைத்துப்போகப் பெற்றோர் வந்து நின்றாலும், கையில் இருக்கும் காய் போட்டு முடியும்வரை நான் அவர்களுக்கு ஒரு காபி கொடுத்து உட்காரவைத்துவிடுவேன்.